மூன்றாம் சீலமும் நோய்க் காப்பும்



பௌர்ணமிதோறும் நாம் விகாரத்தில் கூடி, மும்மணிகளைச் சரணடைந்து, ஐந்து சீலங்களையும் ஏற்கின்றோம். கொல்லாமையைக் குறித்து நம்மிடையே நிகழ்ந்த சொற்பொழிவுகள் பல. கள்ளுண்ணாமையைக் குறித்துப் பேசாத திங்களே இல்லை எனலாம். ஆனால் மூன்றாம் சீலத்திற்கு வரும்பொழுது மட்டும் நம் குரல் தாழ்ந்துவிடுகிறது. பிறழ்ந்த காமத்தினின்று விலகும் அச்சீலத்தை வாயால் ஓதிவிட்டு, அதன் பொருளை விரிக்காமலே நான்காவதற்குச் சென்றுவிடுகிறோம். பெண்டிரும் பிள்ளைகளும் அமர்ந்துள்ள அவையில் இதனைப் பேசுவது தகுமா என்னும் நாணமே இதற்குக் காரணம். அந்நாணத்தால் உயிர்கள் போயின என்பதை யாம் கண்டோம். ஆகலின் இன்று அதனைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

உடலைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது தம்மத்திற்குப் புறம்பானது என்று எவரும் எண்ணற்க. ததாகதர் தம் சீடர்களுக்கு உடலின் முப்பத்திரண்டு கூறுகளையும் எண்ணித் தியானிக்கக் கற்பித்தார். மயிர், நகம், தோல், இரத்தம், சீழ், சிறுநீர் என ஒவ்வொன்றையும் அதனதன் பெயராலேயே சுட்டினார். உள்ளதை உள்ளவாறு காண்பவனுக்கே துன்பத்தின் காரணம் புலப்படும். காரணம் புலப்பட்டவனுக்கே அதனை நீக்கும் வழி தோன்றும். இதுவே நான்கு வாய்மைகளின் முறை. அம்முறையிலேயே இந்நோயையும் ஆராய்வோம்.

எச்.ஐ.வி. என்பது உடலின் எதிர்ப்பாற்றலைச் சிறிது சிறிதாக அழிக்கும் ஒரு நுண்கிருமி. அது இரத்தத்திலும், ஆணின் விந்திலும், பெண்ணின் பிறப்புறுப்பு நீரிலும், தாய்ப்பாலிலும் வாழ்வது. ஆகவே அது பரவும் வழிகளும் சிலவே: பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவர் குத்திக்கொண்ட ஊசியை மற்றவர் பயன்படுத்துதல், பரிசோதியாத இரத்தத்தை ஏற்றுதல், நோயுற்ற தாயிடமிருந்து சேய் பெறுதல். உடன் உண்பதாலும், ஒரே குவளையில் நீர் அருந்துவதாலும், கைகோப்பதாலும், கொசுக் கடியாலும் அது பரவுவதில்லை. இவ்விரு பட்டியல்களையும் நம் இல்லங்களில் சிறுவர் முதல் முதியோர் வரை மனப்பாடமாகக் கொள்ளல் வேண்டும். முதற்பட்டியலை அறியாமையால் நோய் பரவியது. இரண்டாவதை அறியாமையால் நோயுற்றோர் வீட்டை விட்டே துரத்தப்பட்டனர்.

இக்கிருமி தனித்து வருவதுமன்று. நம் முன்னோர் மேகவியாதி என்றும் வெட்டை என்றும் கூறிய சிபிலிஸ், கொனோரியா முதலிய பால்வினை நோய்களும் இதே வழியில் வருவன. அவற்றால் உண்டாகும் புண்கள் எச்.ஐ.வி. உட்புகுவதற்கு வாயிலாகின்றன. சிபிலிஸின் முதற்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. சில வாரங்களில் தானே ஆறியும் விடும். ஆறியது புண்ணேயன்றி நோயன்று. அது உள்ளே தங்கிப் பின்னர் இதயத்தையும் மூளையையும் தாக்கும், கருவிலுள்ள சிசுவையும் கொல்லும். அதனைத் தீர்க்கப் பெனிசிலின் ஊசி உண்டு. கொனோரியா பல பெண்களிடம் எவ்விதக் குறியுமின்றி ஒளிந்திருந்து மகப்பேற்றையே கெடுத்துவிடுவதுண்டு. ஆகவே குறி தோன்றவில்லை என்பதனால் நோய் இல்லை என்று துணிதல் கூடாது.

நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு சென்னையில். மருத்துவப் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில், நிர்மலா என்னும் மருத்துவ மாணவி, பாலியல் தொழிலில் அகப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த மகளிரின் இரத்தத்தைத் திரட்டிப் பரிசோதனைக்காக வேலூருக்கு எடுத்துச் சென்றார். அவர்களுள் சிலரிடம் கிருமி இருப்பது தெரிந்தது. இந்நாட்டில் இது நுழையாது, நம் ஒழுக்கம் நம்மைக் காக்கும் என்று பலர் எண்ணியிருந்த காலம் அது. ஒழுக்கம் காக்கும் என்பது மெய்யே. ஒழுக்கத்தைப் பற்றிய பெருமை காவாது என்பதும் அவ்வளவு மெய்.

பின்னர் நாடெங்கும் சுவர்களில் எழுதலாயினர். ‘உயிர்க்கொல்லி நோய்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, மண்டையோட்டையும் வரைந்தனர். அச்சம் மக்களைத் திருத்தும் என்பது எழுதியோரின் நம்பிக்கை. அச்சம் என்ன செய்தது என்பதற்கு யாம் அறிந்த ஒன்றைக் கூறுவோம்.

யாம் நூற்பாலையில் உழைத்த நாளில் எம்முடன் ஒரே பிரிவில் பணியாற்றிய தோழர் ஒருவர் இருந்தார். ஆலை மூடப்பட்டபின் அவர் லாரி ஓட்டச் சென்றார். திங்களுக்கு இருபது நாள் நெடுஞ்சாலையில் கழியும். தனிமையும் மதுவும் அவரை எங்கு இட்டுச் சென்றன என்பதை விரிக்க வேண்டுவதில்லை. ஒரு முறை புண் தோன்றி, தானே ஆறிற்று. அவர் ஐயுற்றார், ஆயினும் மருத்துவமனைக்குச் செல்லவில்லை. ‘வந்துவிட்டால் சாவுதான் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறதே, அண்ணே! சோதித்து அறிந்து ஆவதென்ன?’ என்று எம்மிடம் ஒருநாள் கேட்டார். 2001ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அக்காலத்தில் மருந்து ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தது உண்மையே. எனினும் அவர் அறிந்திருந்தால் தம் மனைவியையாவது காத்திருக்கக்கூடும். கணவனைத் தவிர வேறு ஆடவரை அறியாத அவ்வம்மையார் அவரிடமிருந்தே நோயைப் பெற்றார். சுவரெழுத்து அத்தோழரை நோயினின்று தடுக்கவில்லை; பரிசோதனையினின்றே தடுத்தது.

இனி, மூன்றாம் சீலத்தின் பொருளை நோக்குவோம். சீலங்கள் ஒவ்வொன்றையும் பாலி மொழியில் சிக்காபதம் என்பர். சிக்கா என்பது பயிற்சி. மேலிருந்து ஒருவர் இட்ட கட்டளையை மீறினால் தண்டனை என்பது இதன் பொருளன்று. இப்பயிற்சியை யானே மேற்கொள்கின்றேன் என்று ஒருவன் தனக்குத் தானே உரைத்துக்கொள்வது. அதனாலேயே ஒரு முறை ஏற்றது போதும் என்று விடாமல், பௌர்ணமிதோறும் மீண்டும் மீண்டும் ஏற்கின்றோம். வழுவியவனும் அடுத்த பௌர்ணமியில் அதே அவையில் அமர்ந்து அதே சீலத்தை ஏற்கலாம். அவனுக்குக் கதவு அடைக்கப்படுவதில்லை.

எமது தொழிலிலிருந்தே இதற்கு ஓர் உவமை உண்டு. ரிங் பிரேமில் நூற்றுக்கணக்கான கதிர்கள் ஓயாது சுழலும். இழை அறுவது அன்றாட நிகழ்ச்சி. அறுந்த இழையை ஏசிக்கொண்டு நிற்பவன் தொழிலாளியல்லன். அறுந்ததைக் காணாதவன்போல் கடந்து செல்பவனும் அல்லன். உடனே சென்று இழையைப் பிணைப்பவனே தொழில் அறிந்தவன். பிணையாது விட்டால் பஞ்சு உருளையில் சுற்றி அடுத்த இழையையும் அறுக்கும். நடத்தையைத் திருத்துவதும் அத்தகையதே. அறுந்த இடத்தில், அறுந்த நேரத்தில், பிணைக்கும் வழியைக் கற்பித்தல் வேண்டும்.

அவ்வழிகள் யாவை? முதலாவது, மணமாகாதார் காமத்தில் அவசரப்படாதிருத்தலும், மணந்தவர் ஒருவருக்கொருவர் உண்மையாயிருத்தலும். இராசகிருகத்தில் ஆறு திசைகளையும் வணங்கி நின்ற சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவான் மேற்றிசை என்பது மனைவியே என்று விளக்கி, அவளுக்குத் துரோகம் செய்யாதிருத்தலைக் கணவனின் கடமைகளுள் ஒன்றாக வைத்தார். இந்நோய்க்கு இதனினும் உறுதியான காப்பு இல்லை. ஆனால் அஃது இருவரும் காக்கும் காப்பு. மனைவி மட்டும் காத்தால் போதாது என்பதற்கு மேற்கூறிய அம்மையாரே சான்று.

இரண்டாவது, அவ்வாறு நிற்க இயலாதவன் ஒவ்வொரு முறையும் தவறாது ஆணுறை அணிதல். இவ்விடத்தில் சில அன்பர்கள் முகம் சுளிப்பர். ஆணுறையைப் பற்றி விகாரத்தில் கற்பித்தால் சீலத்தை மீற உத்தரவு கொடுத்ததாகாதா என்று எம்மிடம் கேட்டோர் உளர். அவர்களுக்கு யாம் கூறும் விடை இது. மூன்றாம் சீலத்தில் வழுவிய ஒருவன் நோயைக் கொணர்ந்து மனைவிக்குக் கொடுப்பானாயின் உயிர்க்குத் தீங்கு செய்யாமை என்னும் முதற்சீலத்தையும் உடைக்கின்றான். அதனை மறைத்துப் பேசுவானாயின் நான்காவதையும் உடைக்கின்றான். மதுவின் மயக்கத்தில் செய்திருப்பின் ஐந்தாவது முன்னமே உடைந்தது. ஒரு சீலத்தில் தவறியவன் எல்லாச் சீலங்களையும் உடைத்தே தீர வேண்டும் என்று நாம் விரும்புகின்றோமா? மூன்றாவதைக் காக்கும் வலிமை இன்று இல்லாதவன் முதலாவதையேனும் காக்கட்டும். ஆணுறை அவன் கையில் இருப்பது அதற்கே. இன்று பிறருக்குத் தீங்கு செய்யாதிருக்கக் கற்றவன் நாளை தன்னை அடக்கவும் கற்பான்.

ஆணுறையையும் முறையறிந்தே பயன்படுத்தல் வேண்டும். காலக்கெடு முடிந்ததைக் கொள்ளற்க. ஒன்றை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தற்க. வெப்பம் மிகுந்த இடத்தில் நெடுநாள் வைக்கற்க. எண்ணெயோ வாசலினோ தடவினால் ரப்பர் நைந்துவிடும். ஊசி வழியே போதையேற்றும் பழக்கத்தில் வீழ்ந்தவர் பிறர் ஊசியைத் தொடாதிருத்தலும், அப்பழக்கத்தினின்று மீள மருத்துவரை நாடுதலும் வேண்டும்.

மூன்றாவது, பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இது இலவசமாகச் செய்யப்படுகிறது. முடிவு மறைவாகவே காக்கப்படும். தொற்று நேர்ந்த முதற்சில வாரங்களில் பரிசோதனையில் தெரியாமற் போகலாம். ஐயமுள்ளவர் மூன்று திங்கள் கழித்து மீண்டும் பார்த்தல் வேண்டும். கருவுற்ற பெண்கள் எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸுக்கும் தொடக்கத்திலேயே பரிசோதித்துக்கொள்ளல் நலம். மருந்தின்றி விட்டால் நோயுற்ற தாய்மாரின் நூறு குழந்தைகளில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து வரை தொற்றுக்கு ஆளாகும். முறையாக மருந்துண்டால் ஐந்துக்கும் கீழே குறைக்கலாம். தீண்டக்கூடாத ஆபத்து நேர்ந்துவிட்டது என்று அஞ்சுவோர் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரை அடைந்தால், 28 நாள் உண்ணும் தடுப்பு மருந்தும் உண்டு. மறுநாள் மறுநாள் என்று நாணிக் கழித்தால் அவ்வாயில் அடைபடும்.

இத்தகைய கற்பித்தலால் ஒரு நாடே தன் நடத்தையை மாற்றிக்கொண்டதா என்று வினவுவீராயின், பௌத்த நாடாகிய தாய்லாந்தை நோக்குங்கள். 1980களின் இறுதியில் அங்கே பாலியல் விடுதிகளின் வழியாக நோய் காட்டுத்தீயெனப் பரவிற்று. 1989ஆம் ஆண்டில் ராட்சபுரி மாநிலத்தில் விவத் ரோஜனபித்தயகோர்ன் என்னும் மருத்துவர் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். ஆணுறையின்றி எவரையும் ஏற்பதில்லை என்று அம்மாநில விடுதிகள் யாவும் ஒருங்கே உறுதிகொள்ளச் செய்தார். ஒரு விடுதியில் மறுக்கப்பட்டவன் அடுத்ததற்குச் சென்றும் பயனில்லை. 1991ல் இத்திட்டம் நாடெங்கும் விரிந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் இச்செய்தியை நாளும் பலமுறை ஒலித்தன. விடுதிகளில் ஆணுறை பயன்படுத்தியது 1989ல் நூற்றுக்குப் பதினான்கு. 1993ல் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. அதே காலத்தில் அரசு மருத்துவ நிலையங்களுக்குப் பால்வினை நோயோடு வந்த ஆடவர் தொகை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. 1991ல் ஏறத்தாழ 1,43,000 ஆக இருந்த புதிய எச்.ஐ.வி. தொற்று, 2003ல் ஏறத்தாழ 19,000 ஆகக் குறைந்தது. ஆணுறையைக் கற்பித்ததால் விடுதிக்குச் செல்வோர் பெருகினரா? இல்லை, அத்தொகையும் குறைந்தது. ஆபத்தை அறிந்த ஆடவர் பலர் அவ்வழியையே விட்டனர். 2016ல், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த ஆசியாவின் முதல் நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் தாய்லாந்தை அறிவித்தது.

அந்நாட்டுப் பிக்குகளின் தொண்டையும் ஈண்டு நினைத்தல் தகும். வடதாய்லாந்தில் சங்க மெத்தா என்னும் திட்டத்தின்கீழ்ப் பயின்ற பிக்குகள், நோயுற்றோர் சமைத்தளித்த உணவை ஊரார் காண ஏற்று உண்டனர். நூறு சொற்பொழிவுகள் போக்க முடியாத அச்சத்தை அவர்கள் ஏந்திய ஒரு பிச்சைப் பாத்திரம் போக்கிற்று.

நம் நாட்டிலும் இத்தகைய சான்று உண்டு. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992ஆம் ஆண்டு மருத்துவர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய பணியில், பாலியல் தொழிலில் உள்ள மகளிரே பயிற்சி பெற்றுத் தம் தோழியருக்கு ஆசிரியராயினர். அவர்களை இழிந்தோர் என ஒதுக்காமல், தம் உயிரையும் பிறர் உயிரையும் காக்கும் அறிவுடையோர் என மதித்ததே அப்பணியின் வெற்றி. இதுவும் நமக்குப் புதிதன்று. வைசாலியில் அம்பபாலி என்னும் கணிகை அழைத்த விருந்தை ஏற்ற பகவான், பின்வந்த லிச்சவி அரசகுமாரர்களுக்காக அதனைக் கைவிட்டாரில்லை. நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியத்தின் தலைவியாகிய மணிமேகலையும் கணிகையர் குலத்துத் தோன்றியவளே.

இன்றைய நிலையைக் கூறுவோம். நம் நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழ்வோர் ஏறத்தாழ 25 லட்சம் பேர் என்பது 2023ஆம் ஆண்டின் அரசு மதிப்பீடு. கூட்டு மருந்து அரசு மையங்களில் 2004 முதல் இலவசமாக வழங்கப்படுகிறது. 2017 முதல், நோய் கண்டவுடனே மருந்தைத் தொடங்கும் முறை வந்துள்ளது. நாள் தவறாது உண்பவர் மற்றவரைப்போல் நெடுநாள் வாழலாம். இரத்தத்தில் கிருமி அளவிட இயலாதபடி குறைந்து அந்நிலையிலேயே நிற்குமாயின், அவரிடமிருந்து உடலுறவின் வழியாக நோய் பிறர்க்குப் பரவுவதில்லை. ஆகவே ‘உயிர்க்கொல்லி’ என்னும் பெயரை இனி நாம் வழங்கலாகாது. மருந்துண்டு வாழ்பவரை அது புண்படுத்தும். ஐயமுற்றவரைப் பரிசோதனையினின்று விரட்டும்.

மேற்கூறிய தோழரின் மனைவியாரும் 2006 முதல் கூட்டு மருந்துண்டு நலமாக வாழ்கின்றார். ஆடை தைக்கும் தொழிற்சாலையில் உழைத்துத் தம் மகளைப் படிக்க வைத்தார். சென்ற வைசாக விழாவில் அவர் நம் சங்கத்தின் பந்தியில் அமர்ந்தார். அவருக்கு இருபுறமும் இரண்டிரண்டு இலைகள் வெறுமையாகவே கிடந்தன. எவரும் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை; எவரும் அமரவுமில்லை. அப்பொழுது முதிய உபாசிகையார் ஒருவர் தம் இலையை விட்டெழுந்து வந்து, ‘இங்கே இடம் இருக்கிறதே, தங்கச்சி’ என்று கூறி அவர் பக்கத்தில் அமர்ந்தார். அதன்பின் மற்ற இலைகளும் நிறைந்தன. அவ்வளவே நடந்தது. ஆனால் அந்த இலைகள் வெறுமையாய்க் கிடந்த சில நிமிடங்களைக் கண்ட இளைஞன் எவனேனும் தனக்கு நோய் இருக்குமோ என்று ஐயுற்றிருந்தால், அவன் பரிசோதனைக்குச் செல்வானா? தன் நிலையை வாய்திறந்து உரைப்பானா? வெறும் இலையும் ஒரு சுவரெழுத்தே, அன்பர்களே!

வயிற்றுக் கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவனைத் ததாகதர் கண்டார். பிறர்க்கு அவன் உதவாதவன் ஆதலால் அவனைக் கவனிப்பார் இலர் என்றனர். அவனுக்கு அத்துன்பம் எதனால் வந்தது என்று பகவான் ஆராயவில்லை. ஆனந்தரை நீர் கொணரச் செய்து, தாமே உடனிருந்து கழுவி, தூக்கிப் படுக்கையில் கிடத்தினார். எமக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் நோயாளிக்குத் தொண்டு செய்க என்னும் கருத்துப்பட மொழிந்தார். மணிமேகலையும், தீராப் பசி நோயால் அலைந்த காயசண்டிகையை அவள் பெற்ற சாபத்தின் காரணம் கேட்டுத் தள்ளாமல், அமுதசுரபியினின்று உணவிட்டே நோய் தீர்த்தாள்.

ஆதலால் நம் சங்கத்தார் நான்கு காரியங்களை மேற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். திருமணம் பேசும் இல்லங்களில், சாதகம் பார்ப்பதை விடுத்து, மணமகனும் மணமகளும் தாமாக விரும்பிப் பரிசோதனை செய்துகொள்ளும் வழக்கத்தை உண்டாக்குவோம். எவரையும் அவர் இசைவின்றிச் சோதிப்பதையும், ஒருவரது நோயைப் பிறர்க்கு வெளியிடுவதையும் 2018 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவில் கொள்வோம். வெளியூர் வேலைக்குச் செல்லும் இளைஞரை வழியனுப்பும்பொழுது, மதுவைப் பற்றிச் சொல்வதோடு நில்லாது இதனையும் தந்தையும் தமையனும் வாய்திறந்து சொல்லட்டும். பெண் மக்களுக்கு அன்னையர் சொல்லட்டும். ஐயமுற்றோர்க்கு 1097 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். நம் பந்தியில் எந்த இலைக்குப் பக்கத்திலும் வெற்றிடம் விழாது காப்போம்.

அடுத்த பௌர்ணமியில் மூன்றாம் சீலத்தை ஓதும்பொழுது நம் குரல் தாழாதிருக்கட்டும். அதனை ஏற்பவர் அதன் பொருளை அறிந்து ஏற்கட்டும். வழுவியவர் நாணி ஓடாது மீண்டும் ஏற்கட்டும். நோயுற்றோர் மருந்தும் நட்பும் பெறுக! நோயற்றோர் அறிவும் அடக்கமும் பெறுக! யாவரும் நலமுறுக!

சாது! சாது! சாது!